காரைக்கால் 1954: டெல்டாவில் ஓர் உளவுக் குறும்படம் எடுக்க

டெல்டாவில் உளவுக் கதைக்குக் களம் தேடுகிறவர்கள் 1954 அக்டோபர் காரைக்காலில் தொடங்கலாம். சுற்றிலும் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், நடுவில் பிரெஞ்சு ஆட்சி. வடக்கே நண்டலாற்றையோ தெற்கே வாஞ்சூரையோ தாண்டினால் வேறு கொடி, வேறு போலீஸ். அக்டோபர் 18-ல் புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில், பிரெஞ்சு இந்தியாவின் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. கதையை இந்த இரண்டு தேதிக்குள் அடைத்துவிடுங்கள். 20 நிமிடப் படத்துக்கு 20 பக்கத் திரைக்கதை, அதற்கு மேல் வேண்டாம்.

நாயகன் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக இருக்கட்டும். அந்தப் படையோடு இந்தோசீனா (இன்றைய வியட்நாம் பக்கம்) போனவன். ஜூலையில் அங்கே போர் நின்றதும் ஊர் திரும்புகிறான். பென்ஷன் பிரான்சிலிருந்து வரவேண்டும். இணைப்புக்காரர்கள் எங்கே கூடுகிறார்கள், நோட்டீஸைக் கடத்தி வருவது யார் என்று பிரெஞ்சு அதிகாரிக்கு எழுதிக்கொடுப்பது அவன் வேலை. அவன் தம்பியோ இணைப்புக்காரர்கள் பக்கம். பிரெஞ்சு அதிகாரியைக் கொடுங்கோலனாக்கினால் ஐந்தாவது நிமிடமே பார்ப்பவர் தீர்ப்பு சொல்லிவிடுவார், அப்புறம் படத்தில் இழுபறி ஏது? அம்மாவின் மருந்துச் செலவு பென்ஷனில்தான் ஓடுகிறது என்று ஒரே ஒரு காட்சியில் காட்டுங்கள். நவம்பர் 1-க்குப் பிறகு எசமான் கப்பலேறிவிடுவான். இவன் பெயர் எழுதிய கோப்பு இங்கேயே கிடக்கும். உச்சக்கட்டம் அந்தக் கோப்புதான்.

நாயகி, எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியச் சுங்கச்சாவடி குமாஸ்தாவின் மகள். காதலுக்கு நாடு மட்டும்தான் தடை என்று எழுதினால் அது மழுப்பல். அந்தக் காலத்தில் முதலில் குறுக்கே வருவது சாதி அல்லது மதம். மறுப்பது யார், என்ன வார்த்தையில் என்பதற்கு ஒரு வசனமாவது வேண்டும்.

காதல் காட்சி ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் கைமாறவேண்டும். பெரும்பாலான திரைக்கதைகள் சறுக்குவது இங்கேதான்: காதல் தனியாக, உளவு தனியாக ஓடும். அரசலாற்றுப் படித்துறையில் அவள் சொல்கிறாள்: "நாளைக்கு அப்பாவுக்கு வாஞ்சூர்ல ராத்திரி டூட்டிங்க. வீட்ல நான் மட்டும்தான்." அவளுக்கு அது அழைப்பு. அவனுக்கு, நாளை இரவு சாவடியில் யார் இருப்பார் என்ற செய்தி. பதில் வசனம் எழுதாதீர்கள். அவன் கால் தண்ணீருக்குள் அசையாமல் நிற்பதை மூன்று விநாடி காட்டினால் போதும்.

டெல்டா கிராமத்தில் ஒளிந்து திரிய முடியாது. புது முகம் கண்டால் திண்ணையிலிருந்தே "எந்த ஊரு, யாரு வூட்டுக்கு?" என்று கேட்பார்கள். ஆகவே தூது போகிறவனுக்கு ஊர் ஊராக அலையும் தொழில் கொடுங்கள். ஈயம் பூசுபவர், வளையல்காரர் சரிதான்; வாத்து மேய்ப்பவர் இன்னும் நல்லது. குறுவை அறுத்த வயலில் வாத்து இறங்குவது வழக்கம், யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள். படப்பிடிப்புக்கு 100 வாத்து போதும். கேமராவைத் தாழ வைத்தால் 500 போலத் தெரியும்.

எப்போது எடுப்பது? கதை ஐப்பசியில் நடந்தாலும் புரட்டாசிக் கடைசியில் எடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், நடவு முடிந்த பயிர் இளம்பச்சையாக நிற்கும், அடைமழை இன்னும் பிடித்திருக்காது. தை மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் ஐப்பசிக் கதையில் முற்றிய கதிர் தெரியும், டெல்டாக்காரர் சிரித்துவிடுவார். வயல் காட்சிகளை ஒரே வாரத்தில் முடியுங்கள், பயிர் வளர்ந்தால் ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாது. மின்கம்பம், சிமென்ட் மதகு, நீலத் தார்ப்பாய், ஃப்ளெக்ஸ் நான்கையும் முதல் நாளே சுற்றிப் பார்த்து ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள். வரப்பில் கேமரா ஓட ட்ராக் போட முடியாது, ஆட்டத்தை அடக்கும் கிம்பல் கருவிதான். அதைப் பிடிப்பவர் செருப்பில்லாமல் நடக்கவேண்டும், ஈர வரப்பில் செருப்பு வழுக்கும்.

செயற்கை மழைக்கு 5,000 லிட்டர் டேங்கர் ஒன்று வரவழையுங்கள். விளக்கைக் கேமராவுக்கு எதிரே, மழைக்குப் பின்னால் வையுங்கள். முன்னாலிருந்து அடித்தால் மழை தெரியாது, நடிகர் நனைந்ததுதான் மிச்சம்.

எல்லை தாண்டும் இரவை அக்டோபர் 26-ல் வையுங்கள், அன்று அமாவாசை. சூரியன் விழுந்த 20 நிமிடத்துக்குள் எடுத்து, கலர் கரெக்‌ஷனில் இருட்டாக்குங்கள். அரிக்கேன் விளக்குக்குள் 3 வாட் மஞ்சள் எல்இடி, கண்ணாடியின் உட்புறம் பட்டர் பேப்பர். நிஜத் திரியை ஏற்றினால் வெளிச்சம் போதாமல் முகம் சரியாகப் பதியாமல் போகலாம்.

போலீசுக்கு இரண்டு சிவப்புக் கெப்பித் தொப்பி தைத்தால் ஆட்சி யாருடையது என்று தெரிந்துவிடும். அலுவலகத்துக்குத் தரங்கம்பாடிக் கோட்டையை நினைக்காதீர்கள். அது 1620-ல் டேனிஷ்காரர் கட்டியது, தொல்லியல் துறை அனுமதியும் வேண்டும். காரைக்காலில் பழைய வீட்டு அறை ஒன்று, உயரமான ஜன்னலோடு கிடைத்தால் போதும்.

ஒலியில் இரண்டு தொல்லை: மோட்டார் கொட்டகையும் தவளையும். மோட்டாரை விவசாயியிடம் சொல்லி அரை மணி நிறுத்திவைக்கலாம். தவளையை நிறுத்த முடியாது. ஒவ்வோர் இடத்திலும் வெறும் சூழல் ஒலியை 2 நிமிடம் தனியாகப் பதிந்து, வசனத்தை டப்பிங்கில் பேசி, அடியில் அதை ஓடவிடுங்கள். ஆள் நெருங்கும்போது தவளைகள் சட்டென்று அடங்கும். பின்னணி இசையை அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள்.