கார் கதவை எந்தக் கையால் திறக்கிறீர்கள்?

சாலையோரம் காரை நிறுத்தியதும் வலது கை தானாகக் கதவுக்குப் போகும். அடுத்த முறை இடது கையால் திறந்து பாருங்கள். கை குறுக்கே வரும்போது தோள் திரும்பும், தோளோடு தலையும் திரும்பும். கண் முதலில் பக்கக் கண்ணாடியில் படும், அப்புறம் பின்னால் சாலையில். அங்கே பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளை சைக்கிளில் வந்துகொண்டிருக்கலாம். கதவும் ஒரேயடியாக விரியாது, கொஞ்சமாகத்தான் திறக்கும்.

சைக்கிளில் வருபவருக்குத் திடீரென்று திறக்கும் கதவு சுவர் மாதிரி. மோதினாலும் ஆபத்து, விலகினால் பின்னால் பஸ்.

இப்படிக் குறுக்குக் கையால் கதவைத் திறப்பதை 'டச்சு முறை' என்கிறார்கள். பிரிட்டன் 2022-இல் தன் சாலை விதி நூலிலேயே இதைச் சேர்த்துவிட்டது. பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் பக்கம் கண்ணாடிகூடக் கிடையாது. இடப்பக்கம் இறங்குபவர் வலது கையால் திறக்க வேண்டும். சிக்னலில் அவசரமாக இறங்குபவர்களைக் கண்டால்தான் எனக்கு ரொம்பப் பயம்.

சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டராவது தள்ளிப் போங்கள். மணலையோ பள்ளத்தையோ கண்டால் சைக்கிளில் போகிறவர் சட்டென்று வளைவார், அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லையா, பின்னாலேயே மெதுவாகப் போங்கள். முதுகுக்குப் பின்னால் ஹாரன் மட்டும் வேண்டாம். திடுக்கிட்டால் ஹேண்டில்பார் ஆடிவிடும்.

இடது கையால் திறக்கும் பழக்கம் போகப் போக வந்துவிடும். அதுவரை நினைவூட்டலுக்குக் கதவுப் பிடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள்.