நிலநடுக்கத்துக்கு முன் அயன மண்டலம் குழம்புகிறதா? வளவுக்குள் இருந்தே பதிந்து பார்க்கும் முறை

1995 கோபே நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்பே மிகத் தாழ் அதிர்வெண் வானொலி அலைகள் தடுமாறின என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த அலைகள் வானில் உயரே உள்ள மின்னேறிய காற்றடுக்கான அயன மண்டலத்தில் பட்டுத் தெறித்தே தூரம் போகின்றன; அது குழம்பினால் அலையும் தடுமாறும். இன்றுவரை அது நிரூபணமாகவில்லை. சுனாமி எச்சரிக்கைக்கு இதை நம்பவே கூடாது. ஆனால் பதிந்து பார்க்க யாழ்ப்பாணம் தோதான இடம். மேற்கு அவுஸ்திரேலியாவின் என்டபிள்யூசி என்ற கடற்படை வானொலி நிலையம் 19.8 கிலோ ஹேர்ட்ஸில் அனுப்பும் அலை, சுமாத்திராவுக்கு மேற்கே கடல் மேலாக ஏறத்தாழ 5,100 கிலோமீற்றர் வந்து இங்கே சேர்கிறது.

1 மீற்றர் சதுர மரச்சட்டத்தில் 26 கேஜ் எனாமல் செம்புக் கம்பியை 50 சுற்றுச் சுற்றுங்கள். 200 மீற்றர், அதாவது 300 கிராம் அளவு போகும். மோட்டர் கொயில் கட்டும் கடையில் கேளுங்கள். நுனியில் எனாமலைச் சுரண்டாவிட்டால் ஈயம் பிடிக்காது. லப்டொப்பின் மைக் துளைக்குக் கொடுக்கும் வயரில் 1 மைக்ரோபரட் கொண்டென்சரைத் தொடராகப் போடுங்கள். இல்லாவிட்டால் மைக்குக்கு வரும் நேர்மின்னழுத்தத்தைக் கொயில் குறுக்கிவிடும். மாதிரி வீதம் விநாடிக்கு 48,000; ஸ்பெக்ட்ரம் லாப் மென்பொருள் போதும்.

பலர் பிழைவிடுவது திசையில். சட்டத்தின் முகமல்ல, விளிம்புதான் தென்கிழக்கை, வடக்கிலிருந்து வலமாக 134 பாகையை, பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்திலிருந்து 18.2 கிலோ ஹேர்ட்ஸில் வரும் பலத்த அலையும் பெருமளவு அடங்கும். கொயில் வீட்டை விட்டுத் தள்ளி, வளவு மூலையில் நிற்கட்டும். மெயின் சுவிட்சை நிறுத்தி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள்; மறைகிற கோடுகள் எல்லாம் எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும்.

இரு முனையும் இருட்டாக உள்ள நேரத்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு நிமிடத்தின் அலைப் பலத்தையும் முந்திய 15 இரவுகளின் அதே நிமிடச் சராசரியோடு ஒப்பிடுங்கள். விலகல் நியம விலகலின் 2 மடங்கைத் தாண்டினால் அது சந்தேக இரவு. உடனே துள்ள வேண்டாம். பூமியின் காந்தப்புயலை அளக்கும் கேபி சுட்டெண் 5ஐத் தொட்ட நாளையும் அடுத்த 3 நாளையும் தள்ளுங்கள். அது சூரியன் செய்த வேலை. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் இரவுகளும், நிலையம் பராமரிப்புக்கு நிற்கும் மணிகளும் போகட்டும்.

நிலநடுக்கத்துக்கு முன் காந்தப்புலமும் மாறும் என்பார்கள்; அதை நம்பிக் காந்தமானி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். காந்த நடுக்கோடு பக்கத்திலேயே இருப்பதால், இங்கே நடுப்பகலில் கிடைக் காந்தப்புலம் சாதாரணமாகவே பல பத்து நானோ டெஸ்லா ஏறி இறங்கும். 1989இல் கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் 7 கிலோமீற்றர் தூரத்துக் கருவி காட்டிய மாற்றத்தையே, அது கருவிக் கோளாறு என்று பின்னர் மறுத்தார்கள். நிலநடுக்கம் வரும் சுமாத்திராவின் வடமுனையான அச்சே மாகாணமோ இங்கிருந்து 1,700 கிலோமீற்றர்.

காலையில் நிலநடுக்கப் பட்டியலைத் திறக்குமுன் "சந்தேகம்" அல்லது "இல்லை" என்று கொப்பியில் திகதியோடு எழுதிவிடுங்கள். பேனையால், பென்சில் வேண்டாம்.