மே மாத மும்பைக்கு ஜில்லென்று காபியும் கோகம் சர்பத்தும்

மாதுங்கா மார்க்கெட் வரை போய் வந்தாலே சட்டை நனைந்துவிடும், அந்த நேரத்தில் சூடான காபி தொண்டையில் இறங்காது. அதனால் எங்கள் வீட்டில் டிகாஷனையே ஐஸ் ஆக்கிவிடுகிறோம்.

ஃபில்டரில் 3 மேசைக்கரண்டி பொடி போட்டு, லேசாக அழுத்தி, 150 மில்லி கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டித் தட்டி அவசரப்படுத்த வேண்டாம், தானாக இறங்கட்டும். பாதி டிகாஷனை ஐஸ் ட்ரேயில் உறைய வையுங்கள், ஏனென்றால் வெறும் ஐஸ் போட்டால் அது கரையக் கரைய காபி நீர்த்துப்போகும். மீதிப் பாதியைக் கொஞ்சம் சூடாக்கி அதிலேயே சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள், ஜில் பாலில் அது சரியாகக் கரையாது. அப்புறம் காய்ச்சிக் குளிரவைத்த பால், மேலே காபிக் கட்டிகள். சிக்கரி கலந்த பொடிதான் இதற்கு நல்லது என்பேன், குளிர்ந்த பாலிலும் அதன் கசப்பு எடுபடும்.

டீ என்றால் தூளை 3 நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், துவர்த்துவிடும். ஆறியதும் எலுமிச்சை பிழியலாம்.

சரி, கோகம். நம் குடம்புளியின் உறவான புளிப்புப் பழம்தான் அது. 10 காய்ந்த தோலை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, புளியைப் போலவே பிசைந்து வடிகட்டி, சர்க்கரை, கறுப்பு உப்பு, வறுத்த சீரகப்பொடி சேர்த்து ஜில் தண்ணீர் ஊற்றுங்கள்.