இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது இல்லைங்க!

டப்பாவில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருந்தால், அது தீப்பற்றாத பொருள் என்று நினைத்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். அர்த்தம் நேர் எதிர்: எளிதில் தீப்பற்றும். ஃப்ளேமபிள் என்றாலும் அதேதான், இரண்டுக்கும் துளிகூட வித்தியாசம் கிடையாது.

குழப்பம் முன்னால் நிற்கும் ‘இன்’னால் வருகிறது. இன்கரெக்ட், இன்விசிபிள் என்று படித்துப் பழகியதால், ‘இன்’ வந்தாலே ‘இல்லை’ என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் லத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு, ஒன்று மறுப்பது, இன்னொன்று ‘உள்ளே’ என்பது. இந்தச் சொல் வந்தது ‘இன்ஃப்ளம்மாரே’, அதாவது தீ மூட்டு என்ற வினையிலிருந்து, அதில் இருப்பது இரண்டாவது ‘இன்’. டாக்டர் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் அதே வேர்தான், வீங்கிச் சிவந்து எரிகிற நிலை. நாமும் அதை அழற்சி என்றுதானே சொல்கிறோம், அழல் என்றால் நெருப்பு! இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும், இன்ஃப்ளேமபிள் ஒருநாளும் தடம் மாறாது.

இதில் மூத்தது இன்ஃப்ளேமபிள்தான், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஃப்ளேமபிள் 1813 வாக்கில் தலைகாட்டி, பெரிதாக யாரும் கவனிக்காமல் கிடந்தது. சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிரே போகலாம் என்பதால் 1920-களில் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிளை எழுதச் சொன்னது, 1959-இல் பிரிட்டிஷ் தர நிறுவனமும் அதே பக்கம் வந்தது. எனக்கு இது ரொம்பச் சரியான முடிவாகத் தெரிகிறது. கட்டுரையில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் எச்சரிக்கைப் பலகையில், லேபிளில், மருந்து வழிமுறையில் ஃப்ளேமபிள் மட்டும்தான். தீப்பற்றாது என்று சொல்ல வேண்டுமா, நான்ஃப்ளேமபிள் என்று எழுதுங்கள்.

அப்புறம், இன்ஃப்ளேமட்டரியோடு இதைக் கலக்காதீர்கள். மேடையில் கக்கும் வெறுப்புப் பேச்சு இன்ஃப்ளேமட்டரி, அதைக் கேட்டுக் கொதிக்கத் தயாராக நிற்கும் கூட்டம் இன்ஃப்ளேமபிள். ஒன்று மூட்டுவது, மற்றது பற்றுவது.

மொழிபெயர்ப்பவர்கள் செய்யும் தவறும் ஒன்று இருக்கிறது, ‘எரியக்கூடியது’ என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். மரக்கட்டைகூட எரியக்கூடியதுதான், ஆனால் தீக்குச்சியைக் காட்டியதும் பற்றிக்கொள்வதில்லை. பெட்ரோல் அப்படியில்லை, பூஜ்ஜியத்துக்கு 40 டிகிரி செல்சியஸ் கீழே இருக்கும் குளிரிலும் அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிவிடும். அதனால் ‘எளிதில் தீப்பற்றும்’ என்றே எழுதுங்கள், அந்த ‘எளிதில்’ விடுபடவே கூடாது.