வண்டி சில நேரம் மட்டும் கட் ஆகுதா? லூஸ் காண்டாக்டை நாமளே தேடிப் பிடிக்கிறது எப்படி

மெக்கானிக் கிட்ட கொண்டு போனா மட்டும் வண்டி சமத்தா ஓடும், பாத்திருக்கீங்களா? அவரும் ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு "தம்பி வண்டி நல்லா தான இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடுவாரு, நாம தெரு முனை தாண்டினதும் பொசுக்குனு ஆஃப் ஆகும். என்னோட 150 சிசி வண்டி ஒரு மாசம் இப்படி தான் படுத்துச்சு. அந்த ஒரு மாசத்துல ப்ளக் மாத்துனேன், பேட்டரி மாத்துனேன், கடைசில சிடிஐ (ப்ளக்ல எப்ப பொறி அடிக்கணும்னு பாத்துக்கிற பெட்டி) கூட மாத்துனேன், மூணுமே நல்லா இருந்த பார்ட்டு தான்னு அப்பறம் தெரிஞ்சுது. உண்மையான கோளாறு ஒரே ஒரு வயர். அதை எப்படி தேடணும்னு தெரியாம தேடுனதுக்கு ஆன செலவு தான் மத்ததெல்லாம். அதனால வயரிங் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி வரிசையா சொல்றேன்.

தேவைப்படுற சாமான்

ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், ஐநூறு ரூபாய்க்குள்ள கிடைக்கிறதே போதும். ஒரு இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், எல்இடி வேண்டாம் பழைய இழை பல்பு தான் வேணும், அதுல ரெண்டு நீள வயர் சால்டர் பண்ணி முனைல க்ளிப் மாட்டிக்கோங்க. டார்ச், இன்சுலேஷன் டேப், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, உங்க வண்டிக்கு போடுற அதே ஆம்பியர்ல ரெண்டு ஸ்பேர் ஃப்யூஸ். அப்பறம் ஒரு சின்ன நோட்டு. சிரிக்காதீங்க, என் விஷயத்துல மீட்டரை விட நோட்டு தான் அதிகம் உதவுச்சு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. என்ஜின் ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினலை கழட்டி "சார்ஜ் ஆகுதா"ன்னு பாக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, அதை பண்ணவே பண்ணாதீங்க. பேட்டரி இல்லாம போனா வோல்டேஜ் எகிறும், ரெகுலேட்டரோ (சார்ஜிங் வோல்டேஜை கட்டுக்குள்ள வைக்கிறது) இசியுவோ (என்ஜினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிடும். இசியு விலை கேட்டா தூக்கம் வராது. அப்பறம் என்ஜின் ஓட விட்டு பாக்கிற டெஸ்டு எல்லாம் வெளிய வச்சு பண்ணுங்க, மூடுன ஷெட்டுக்குள்ள வேண்டாம்.

ஸ்டெப் 1: வண்டி நின்ன உடனே சாவியை தொடாதீங்க

எல்லாரும் பண்ற தப்பு இது. வண்டி ஆஃப் ஆன உடனே பதட்டத்துல சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி செல்ஃப் அடிப்போம், அது ஸ்டார்ட் ஆயிடும், இருந்த ஒரே துப்பும் போயிடும். அதுக்கு பதிலா ஓரமா உருட்டிட்டு வந்து நிறுத்துங்க, சாவி ஆன்லயே இருக்கட்டும், நியூட்ரல் பண்ணி ஸ்பீடோமீட்டர்ல பச்சை லைட் எரியுதா பாருங்க, ஹார்ன் அடிங்க.

ஹார்ன், லைட், மீட்டர் எல்லாமே செத்துருந்தா மெயின் சப்ளைல தான் பிரச்சனை. அதாவது பேட்டரி டெர்மினல், மெயின் ஃப்யூஸ், சாவி போடுற கீ செட், அதுங்களுக்கு நடுவுல போற வயர், இந்த நாலுக்குள்ள தான். ஹார்ன் கணீர்னு அடிக்குது ஆனா என்ஜின் மட்டும் இல்லன்னா இக்னிஷன் பக்கம் போகணும்: கில் சுவிட்ச் (ஹேண்டில்ல என்ஜினை நிறுத்துற சுவிட்ச்), சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பல்சர் காயில் (என்ஜின் சுத்துறதை வச்சு பொறிக்கு சிக்னல் குடுக்கிற காயில்), சிடிஐ. ஹார்ன் முனகுற மாதிரி அடிச்சா எங்கயோ கரண்ட் பாதி தான் வருதுன்னு அர்த்தம்.

ஹெட்லைட்டை வச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. 2017 ஏப்ரல்ல இருந்து நம்ம ஊரு புது வண்டில எல்லாம் ஹெட்லைட் எப்பவும் எரியிற மாதிரி தான் வருது, அதுல பல வண்டில என்ஜின் நின்னா லைட்டும் சேந்தே நின்னுடும். பழைய வண்டிலயும் ஹெட்லைட் பேட்டரில இருந்து வராம நேரா மேக்னெட் காயில்ல (என்ஜின் சுத்தும்போது கரண்ட் தயாரிக்கிறது) இருந்து வர்ற வண்டி நிறைய. ரெண்டுலயுமே லைட் அணைஞ்சது பேட்டரி பத்தி ஒண்ணும் சொல்லாது.

பழைய 100 சிசி வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். அந்த மாதிரி பல வண்டில பேட்டரியே இல்லனாலும் கிக்கர் அடிச்சா ஸ்டார்ட் ஆகும், ஏன்னா சிடிஐக்கு கரண்ட் மேக்னெட்ல இருந்து வருது. அதுல சாவி ஆஃப் பண்றது சப்ளையை நிறுத்துறது இல்ல, சிடிஐயோட ஒரு வயரை எர்த்துல ஒட்ட வைக்குது, அவ்வளவு தான். அப்போ அந்த வயர் எங்கயாவது உரசி தோல் போயி ஃப்ரேம்ல பட்டுச்சுன்னா நீங்க சாவியை ஆஃப் பண்ண மாதிரியே வண்டி நின்னுடும்! மத்த வண்டில அறுந்த வயரை தேடணும், இதுல ஒட்டுற வயரை தேடணும்.

ஸ்டெப் 2: நோட்டு போடுங்க

ஒவ்வொரு தடவை நின்னப்பவும் என்ன நேரம், எவ்வளவு தூரம் ஓடிருந்துச்சு, மழையா வெயிலா, பள்ளத்துல இறங்குச்சா, ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு, இவ்வளவும் எழுதுங்க. என் கதைல முதல் ரெண்டு வாரம் "சாயங்காலம் 6 மணி, சாயங்காலம் 6.10, சாயங்காலம் 6"ன்னே வந்துச்சு. வண்டி நாள் பூரா வெயில்ல நின்னதால எதோ பார்ட்டு சூடாகி கட் ஆகுதுன்னு நினைச்சு தான் சிடிஐ மாத்துனேன். ஒரு நாள் மழை, வெயிலே இல்ல, அன்னைக்கும் 6 மணிக்கு நின்னுச்சு. அப்பறம் தான் உறைச்சுது, கம்பெனி கேட்டை விட்டு வெளிய வரும்போது ஸ்பீடு பிரேக்கர்ல ஏறிக்கிட்டே இடது பக்கம் முழுசா ஒடிக்கணும். காலைல வரும்போது அந்த திருப்பம் கிடையாது. நேரம் இல்ல விஷயம், ஹேண்டில் தான் விஷயம்.

ஸ்டெப் 3: பேட்டரியும் எர்த்தும்

போரிங்கா இருந்தாலும் இதை முடிச்சுட்டு தான் மேல போகணும். ராத்திரி பூரா நின்ன வண்டில, சாவி போடாம பேட்டரில மீட்டர் வைங்க, 12.6ல இருந்து 12.8 இருந்தா ஃபுல் சார்ஜ், 12க்கு கீழ இருந்தா சார்ஜே இல்ல. செல்ஃப் அடிக்கும்போது 9.5க்கு கீழ விழுந்தா பேட்டரி தளர்ந்துடுச்சு. ஸ்டார்ட் பண்ணி 4000 ஆர்பிஎம் வாக்குல பிடிச்சா 13.5ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும், 15ஐ தாண்டினா ரெகுலேட்டர் கோளாறு, ஏறவே இல்லன்னா ரெகுலேட்டர் கப்ளரை (வயருங்களை சேக்கிற பிளாஸ்டிக் சொருகி) முதல்ல பாருங்க, பழுப்பு நிறமாகி உருகி இருக்கும்.

டெர்மினல் போல்ட்டை கையால ஆட்டிப் பாருங்க. உள்ள இருக்கிற சதுர நட்டு சாஞ்சு உக்காந்திருந்தா போல்ட்டு டைட் ஆன மாதிரி தெரியும் ஆனா வயர் ஆடும்.

எர்த்துக்கு ஒரு நல்ல டெஸ்ட் இருக்கு. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் மேல, இன்னொரு முனையை என்ஜின்ல பெயிண்ட் இல்லாத இடத்துல வைங்க. லைட்டு போட்டு ஹார்ன் அடிச்சு பாருங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது கொஞ்சம் ஏறும், அரை வோல்ட்டை தாண்டினா பாடி எர்த் போல்ட்டை கழட்டி துரு போக தேச்சு மாட்டுங்க. எர்த் வயர் எதுன்னு தெரியலன்னா, ஹோண்டா வழி வந்த வண்டில பச்சை, யமஹால கருப்பு.

ஸ்டெப் 4: ஆட்டிப் பாக்கிறது

சைடு பேனலை கழட்டுங்க, என்ஜினை ஐடிலிங்ல விடுங்க. வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு ஹேண்டிலை மெதுவா இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்க. அப்பறம் சாவியை ஆட்டுங்க, கொத்தா சாவி மாட்டி வருஷக்கணக்கா ஓட்டுனவங்களுக்கு கீ செட் உள்ள காண்டாக்ட் தேஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. அப்பறம் ஒவ்வொரு கப்ளரா, ஒவ்வொரு வயர் கட்டா விரலால லேசா அசைச்சுட்டே வாங்க. ஒரு நேரத்துல ஒண்ணு தான். அவசரத்துல மொத்தமா பிடிச்சு குலுக்குனா வண்டி நிக்கும் ஆனா எதுனால நின்னுச்சுன்னு தெரியாது, அதை விட மோசம், குலுக்குன குலுக்குல தற்காலிகமா சரியாயிடும்.

சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இருக்கிற வண்டியா இருந்தா அதை தனியா ஆட்டிப் பாருங்க. சேறு, வாட்டர் வாஷ் தண்ணி எல்லாம் அங்க தான் போயி அடையும், பள்ளத்துல இறங்குனா மட்டும் கட் ஆகுற வண்டிக்கு நான் முதல்ல அதைத் தான் சந்தேகப்படுவேன்.

கழட்டுன கப்ளர்ல உள்ள பாருங்க. பச்சை பூத்திருந்தா ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்ணுங்க. பின்னு லூசா இருந்தா சின்ன ஸ்க்ரூடிரைவரால லேசா நெருக்கி விடுங்க. ஒரு கணக்கு சொல்றேன், 35 வாட் ஹெட்லைட் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும், அந்த வழில ஒரு கப்ளர்ல அரை ஓம் தடை இருந்தா போதும், ஒன்றரை வோல்ட் அங்கயே தொலைஞ்சு 4 வாட் சூடா மாறும். அந்த சின்ன பிளாஸ்டிக்குள்ள 4 வாட். உருகாம என்ன பண்ணும்!

ஸ்டெப் 5: மீட்டர் பொய் சொல்லும், பல்பு சொல்லாது

இதை எனக்கு சொல்லிக் குடுத்தது ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். நான் "அண்ணா எல்லா இடத்துலயும் 12.4 வருதுண்ணா, வயர் நல்லா தான் இருக்கு"ன்னு மீட்டரை காட்டுனேன். அவர் மீட்டரை வாங்கி ஓரமா வச்சுட்டு ஒரு பல்பை எடுத்து குடுத்தாரு.

விஷயம் என்னன்னா மல்டிமீட்டர் இழுக்கிற கரண்ட் இல்லாத மாதிரி தான். வயர் உள்ள அறுந்து ரெண்டு முனையும் லேசா தொட்டுட்டு இருந்தா கூட மீட்டர் முழு வோல்டேஜ் காட்டும். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் கேக்கும், அந்த ஒட்டிக்கிட்டு இருக்கிற இழையால அவ்வளவு குடுக்க முடியாது, பல்பு மங்கும் இல்ல அணையும். கீ செட்ல இருந்து வெளிய வர்ற வயரை டேங்குக்கு கீழ இருக்கிற கப்ளர்ல பிரிச்சு, அதுல பல்போட ஒரு முனை, இன்னொரு முனை பேட்டரி நெகட்டிவ்ல மாட்டுனோம். சாவி ஆன், பல்பு பளிச்னு எரிஞ்சுது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சேன், அணைஞ்சுது. திருப்புனேன், எரிஞ்சுது. ஒரு மாசமா தேடுனது அங்க கண்ணு சிமிட்டிட்டு இருந்துச்சு.

இசியு, சென்சார் வயர்ல மட்டும் இந்த பல்பை மாட்டிடாதீங்க, அதுங்க இவ்வளவு கரண்ட் தாங்காது. சப்ளை வயர், லைட்டு, ஹார்ன் வயருக்கு தான் இந்த வித்தை. எஃப்ஐ வண்டில (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் இருக்கிறது) முதல்ல ஸ்பீடோமீட்டர்ல என்ஜின் லைட் எரியுதா, எத்தனை தடவை சிமிட்டுதுன்னு பாத்துக்கோங்க, சர்வீஸ் மேனுவல்ல அதுக்கு அர்த்தம் இருக்கும்.

ஆட்டிப் பாத்தும் ஒண்ணும் மாட்டலன்னா

அப்போ சூடும் தண்ணியும். நல்லா சூடான அப்பறம் நின்னு, கால் மணி நேரம் ஆறுனதும் ஸ்டார்ட் ஆகுற வண்டின்னா பல்சர் காயிலை ஜில்லுனு இருக்கும்போது ஓம்ஸ்ல அளந்து எழுதி வைங்க, நின்ன உடனே அளங்க. சூட்டுல கொஞ்சம் கூடுறது சகஜம், ஆனா அளவே காட்டாம போச்சுன்னா காயில் உள்ள விரிஞ்சுருச்சு. வீட்ல முடி காய வைக்கிற டிரையர் இருந்தா சிடிஐ மேல, கப்ளர் மேல ஒவ்வொண்ணா காட்டியும் பாக்கலாம். மழைல மட்டும் நிக்கிதுன்னா இருட்டுன அப்பறம் என்ஜினை ஓட விட்டு ப்ளக் கேப், காயில் வயர் மேல ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி தெளிங்க, கரண்ட் கசிஞ்சா நீல பொறி கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீங்க, நல்லா அடிக்கும்.

எப்பவாவது மட்டும் ஃப்யூஸ் போற கேசுக்கும் அதே பல்பு தான். ஃப்யூஸை கழட்டிட்டு அந்த ரெண்டு முனைல பல்பை மாட்டுங்க, அந்த ஃப்யூஸ்ல இருக்கிற லைட்டு ஹார்ன் எல்லாம் ஆஃப்ல இருக்கட்டும், அப்பறம் வயரை ஆட்டிட்டே வாங்க. ஷார்ட் ஆகுற இடத்தை தொட்டதும் பல்பு ஃபுல்லா எரியும், ஃப்யூஸ் ஒண்ணும் வீணாகாது. ஃப்யூஸ் போகுதேன்னு பெரிய ஆம்பியர் போடுறது, சிகரெட் பேப்பர் சுத்துறது எல்லாம் வேண்டவே வேண்டாம், ஃப்யூஸ்க்கு பதிலா வயரிங் கிட் எரியும், மேல இருக்கிறது பெட்ரோல் டேங்க்.

சரி பண்றது

என் வண்டில கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங்) பக்கத்துல வயர் கட்டு வளையிற இடத்துல டேப்பை பிரிச்சேன். வெளிய பாத்தா வயர் முழுசா இருந்துச்சு. விரலால இழுத்தா ஒரு இடத்துல மட்டும் ரப்பர் மாதிரி நீண்டுச்சு, உள்ள செம்பு அறுந்தா அப்படி தான் ஆகும். அந்த துண்டை வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல புது வயர் போட்டேன். ஜாயிண்ட்டை வளையிற இடத்துலயே போடாம, ரெண்டு பக்கமும் வயர் அசையாத இடம் வரைக்கும் தள்ளிக் கொண்டு போயி சால்டர் பண்ணுனேன், ஏன்னா சால்டர் பண்ண இடம் விறைப்பா ஆயிடும், வளைஞ்சா அதுக்கு பக்கத்துலயே மறுபடி அறுந்துடும். மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி இறுகுற டியூப்), ஹேண்டில் ரெண்டு கோடிக்கும் திரும்புறப்ப வயர் இறுகாத அளவுக்கு கொஞ்சம் தொய்வு விட்டு கட்டுனேன். வெறுமனே முறுக்கி டேப் சுத்துனா அடுத்த மழைக்கு திரும்ப இதே ஸ்டெப் 1ல தான் நிப்பீங்க.

முடிச்சுட்டு பல்பை திரும்ப மாட்டி ஹேண்டிலை ஒரு இருபது முப்பது தடவை ஒடிச்சு பாத்தேன், அசையல. அடுத்த நாள் சாயங்காலம் 6 மணிக்கு அதே கேட்டு, அதே ஸ்பீடு பிரேக்கர், வேணும்னே ரொம்ப மெதுவா இடது பக்கம் ஒடிச்சு ஏறுனேன், பின்னாடி வந்தவரு ஹார்ன் அடிச்சே கொன்னுட்டாரு.