தோட்டத்து நாவாய்ப்பூச்சியையும் குளத்து நாவாய்ப்பூச்சியையும் ஒப்பிடும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், அவரையிலும் தக்காளியிலும் சாறு உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியை நன்கு அறிவார்கள். நெசாரா விரிடுலா என்பது அதன் அறிவியற்பெயர். அதே அரைச்சிறகி (ஹெமிப்டெரா) வரிசையைச் சேர்ந்த குளத்து நாவாய்ப்பூச்சியான அப்பாசஸ் கேப்பென்சிஸ், நீர்ச்செடிகள் மண்டிய தேங்குநீரில் வாழ்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத் தட்டு, சிறுவலை, இரண்டு கண்ணாடிக் குப்பிகள் ஆகியவை இருந்தால் இவ்விரண்டையும் ஒப்பிடத் தொடங்கலாம்.

முதற்படி: சேகரித்தல்

குளிர்ந்த காலையில் செடியைத் தட்டின்மேல் உலுக்கினால் பச்சைப் பூச்சி விழும். குளிர்காலத்தில் அது பழுப்பு நிறமாக மாறுவதுண்டு என்பதால், நிறத்தை மட்டும் நம்பி வேறு இனமென்று முடிவு செய்ய வேண்டாம். டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தின் நீர்நிலைகளில், தோல் வழியே உடலுக்குள் புகும் ஒட்டுண்ணிப் புழுவால் வரும் பில்ஹார்சியா நோய் பரவுவதால் தண்ணீரில் இறங்காமல், ரப்பர் கையுறை அணிந்து, கரையிலிருந்தே வலையைச் செடிகளுக்கிடையே இழுங்கள். நீர்ப்பூச்சி வலிக்கக் கடிக்கும்; அதைக் கையால் பிடிக்காதீர்கள். காப்புக்காடுகளில் அனுமதியின்றிச் சேகரிக்கக் கூடாது.

இரண்டாம் படி: ஒற்றுமையைக் காணுதல்

வேற்றுமைகளுக்கு முன்னால் இதைச் செய்வதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. குப்பியைத் திருப்பி, தலையின் அடிப்பகுதியைப் பாருங்கள். இரண்டிலும் மெல்லும் தாடைகளுக்குப் பதிலாக உறிஞ்சும் அலகு இருக்கும். முன்சிறகின் அடிப்பாதி தடித்தும் நுனி சவ்வாகவும் இருக்க, சிறகுகளுக்கு நடுவே முக்கோணக் கேடயம் தெரியும். வண்டுகளின் முன்சிறகுகளோ முழுவதும் கடினமாகி நடுவில் நேர்கோடாகச் சேர்வதால், இந்த அடையாளம் குழப்பத்தைத் தவிர்க்கும்.

மூன்றாம் படி: வேற்றுமைகளைக் குறித்தல்

பச்சைப் பூச்சியின் ஐந்து கணுக்கள் கொண்ட உணர்கொம்புகள் வெளியே நீண்டிருக்கும். நீர்ப்பூச்சியின் குட்டைக் கொம்புகள் கண்களுக்குக் கீழே மறைந்திருக்கும். முன்னதன் கால்கள் நடப்பதற்கானவை. பின்னதன் முன்னங்கால்கள் இரையைப் பற்றவும், மயிரிழை விளிம்புள்ள பின்னங்கால்கள் நீந்தவும் அமைந்தவை.

நான்காம் படி: மூச்சைக் கவனித்தல்

குப்பியில் குளத்து நீரும் ஒரு நீர்ச்செடித் துண்டும் இட்டு, நீர்ப்பூச்சியை விட்டு, அசைக்காமல் காத்திருங்கள். சிறிது நேரத்தில் அது தலைகீழாக மேலேறி, வயிற்று நுனியிலுள்ள இரு குறும்பட்டைகளால் நீர்மட்டத்தைத் தொட்டுக் காற்றைச் சிறகுகளுக்கடியில் சேர்த்துக்கொள்ளும். நிலத்துப் பூச்சிக்கு இந்த வேலையே இல்லை. அதன் உடற்பக்கத் துளைகள் எப்போதும் காற்றிலேயே இருக்கின்றன.

முட்டையிலும் இந்த வாழிட வேறுபாடு தெரிகிறது. பச்சைப் பூச்சி இலையின் அடியில் பீப்பாய் வடிவ முட்டைகளை நெருக்கமாக ஒட்டிவிட்டுப் போகிறது. அப்பாசஸ் பெண்ணோ ஆணின் முதுகில் முட்டைகளை ஒட்டுகிறது. குஞ்சு பொரியும்வரை அவற்றைச் சுமந்து, காற்றுப் படச் செய்வது தந்தையே. முட்டை சுமக்கும் ஆண் வலையில் சிக்கினால், குறிப்பெடுக்கக்கூட நிறுத்தாமல், எடுத்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள்.