பாறை வரைபடத்தை ஜி.ஐ.எஸ். தரவாகக் கொடுப்பது எப்படி: சிவன்மலையை வைத்து ஒரு செய்முறை

நிலவியல் வரைபடத்தை பி.டி.எஃப். ஆக அனுப்பினால் வாங்குபவர் அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். தன் தோட்டத்துக் கிணறு எந்தப் பாறையில் இருக்கிறது என்று சொடுக்கிப் பார்க்க முடியாது. குவாரிகளின் பட்டியலை அதன் மேல் போட்டுப் பார்க்க முடியாது. அதற்கெல்லாம் படம் போதாது, ஜி.ஐ.எஸ். தரவு, அதாவது இடமும் விவரமும் சேர்ந்த கணினித் தரவு வேண்டும்.

கொங்கு நாட்டில் அந்தத் தரவுக்கு ஆள் நிறைய உண்டு. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல், சேலத்தில் மேக்னசைட், காங்கயம் பக்கம் படியூரில் ரத்தினக்கல், திருச்செங்கோட்டிலிருந்து ஊர் ஊராகப் போய் போர் போடும் ரிக் வண்டிகள் என்று பாறையை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்காக வரையும் நல்ல வரைபடங்களோ பெரும்பாலும் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் மடித்து ஒட்டியபடியே நின்றுவிடுகின்றன.

இந்தப் பதிவு அவர்களுக்காகத்தான். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஒரு லேயரை (தரவு அடுக்கை) திறந்து பார்த்திருந்தால் போதும். நமக்குக் குறி ஒன்றுதான்: வாங்கியவர் உங்களுக்குப் போன் போடாமலேயே தரவைத் திறந்து, புரிந்து, பயன்படுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு சிவன்மலையைச் சுற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களான டோப்போ ஷீட் கணக்கில் 58 ஈ/12. அங்கே இருக்கும், நெஃபலின் என்ற கனிமம் கொண்ட நெஃபலின் சயனைட் பாறையைப் பற்றி தாமஸ் ஹாலண்ட் 1901-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். சுற்றிலும் நைஸ் என்ற வரிவரியான பாறை, நடுவே சயனைட், ஆங்காங்கே பெரிய படிகங்கள் கொண்ட பெக்மடைட். பழகுவதற்கு நல்ல இடம்.

படி 1: இது உங்கள் சொத்தா?

நீங்களே நடந்து வரைந்தது என்றால் பிரச்சினை இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, வரைபடத் தரவு தயாரித்து வெளியிட இந்தியர்களுக்குப் பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. ஆனால் ஜி.எஸ்.ஐ. (இந்திய நிலவியல் ஆய்வுத் துறை) வரைபடத்தின் மேல் கோடு இழுத்திருந்தாலோ, அவர்களுடைய பூகோஷ் தளத்திலிருந்து இறக்கி நாலு கோட்டைத் திருத்தியிருந்தாலோ கதை வேறு. இலவசமாக இறக்க முடிகிறது என்பதற்காக மறுபடி விநியோகிக்கலாம் என்று ஆகாது. அந்தத் தளத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: கோடு முதலில், பாலிகன் அப்புறம்

புதியவர்கள் நேராகப் பாலிகன் (மூடிய பரப்பு) வரைய ஆரம்பித்துவிடுவார்கள். சயனைட்டுக்கு ஒன்று, பக்கத்து நைஸுக்கு ஒன்று. இரண்டுக்கும் பொதுவான எல்லையை இரண்டு முறை வரைவதால், நடுவே தலைமுடி போல மெல்லிய இடைவெளியோ மேல்விழுதலோ வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. பரப்பளவு கணக்கிடும்போதும், ஒரு போர்வெல் புள்ளி இடைவெளியில் விழுந்து 'பாறை இல்லை' என்று விடை வரும்போதும்தான் தெரியும்.

இப்படிச் செய்யுங்கள். பாறை எல்லைகள், ஃபால்ட்டுகள் (பாறை உடைந்து நகர்ந்த பிளவுகள்), வரைபடத்தின் வெளிச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே கோட்டு லேயரில் வரையுங்கள். கோட்டு முனைகளை ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங் எப்போதும் ஆனில் இருக்கட்டும். கோடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு தகவல் போடுங்கள்: அது என்ன வகை, எவ்வளவு உறுதி. நேரில் பார்த்த எல்லை வேறு, மண் மூடிய சோளக்காட்டுக்கு அடியில் இப்படித்தான் போகும் என்று ஊகித்த எல்லை வேறு. அச்சு வரைபடத்தில் முன்னதை முழுக்கோடாகவும் பின்னதை விட்டுவிட்டும் போடுவோம். தரவில் அது தனி நெடுவரிசையாக இருக்க வேண்டும், வெறும் கோட்டின் தோற்றமாக இருந்தால் போதாது.

பிறகு பிராசஸிங் டூல்பாக்ஸில் 'ஸ்பிளிட் வித் லைன்ஸ்' ஓட்டிக் கோடுகளைச் சந்திப்புகளில் வெட்டி, 'பாலிகனைஸ்' ஓட்டுங்கள். மூடிய கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பாலிகன் ஆகிவிடும். தனியாக ஒரு புள்ளி லேயரில், கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்துப் பாறைக் குறியீட்டை எழுதி, 'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை லொகேஷன்' மூலம் பாலிகனுக்குக் கடத்துங்கள். எல்லை மாறினால் கோட்டை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டினால் போதும். கடைசியில் டோப்பாலஜி செக்கரில் 'இடைவெளி கூடாது', 'மேல்விழுதல் கூடாது' என்ற இரண்டு விதிகளையும் வைத்துச் சோதியுங்கள். வெளிச் சட்டத்தை இடைவெளி என்று காட்டும், அதை விட்டுவிடலாம்.

நீர்நிலையை ஓட்டையாக விடாதீர்கள். இந்த ஷீட்டில் நொய்யல் மேல் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. அதற்கும் ஒரு பாலிகன், 'நீர்' என்று ஒரு குறியீடு.

படி 3: பாறை விவரத்துக்குத் தனி அட்டவணை

பாலிகன் லேயரில் குறியீடு மட்டும் போதும். விவரம் எல்லாம் தனி அட்டவணையில், பாறைக்கு ஒரு வரி. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஜெம்ஸ் என்ற பெயரில் வைத்திருக்கும் தரமும் இந்த வழியில்தான் போகிறது: பாலிகன் ஒரு பக்கம், எல்லைகளும் ஃபால்ட்டுகளும் ஒரு பக்கம், பாறை விளக்கம் ஒரு பக்கம். அதை முழுக்கப் பின்பற்ற வேண்டியதில்லை, எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டால் போதும்.

சயனைட்டின் வரி இப்படி இருக்கலாம். குறியீடு ஒன்று. பெயர்: நெஃபலின் சயனைட். நிறம்: நிரப்ப வேண்டிய வண்ணத்தின் ஆர்.ஜி.பி. எண்கள். விளக்கம்: 'வெளிர் சாம்பல் நிறம். வெயில்பட்ட முகப்பில் நெஃபலின் அரித்துப் போய்க் குழி விழுந்திருக்கும், ஃபெல்ஸ்பார் துருத்திக்கொண்டு நிற்கும். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கிடையாது.' கடைசி வாக்கியம் முக்கியம். நெஃபலினும் வெங்கச்சங்கல்லும் ஒரே பாறையில் சேர்ந்து வராது. களத்தில் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு உங்கள் அட்டவணை உதவுவது இந்த மாதிரி ஒரு வரியால்தான்.

ஸ்ட்ரைக் (பாறை அடுக்கு ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்) அளவுகள் புள்ளி லேயரில் வரும். 'வடக்கிலிருந்து கிழக்கே 45' என்று எழுத்தில் எழுதாதீர்கள். ஒரு நெடுவரிசையில் ஸ்ட்ரைக்குக்கு 45, இன்னொன்றில் டிப்புக்கு 60 என்று வெறும் எண்ணாக எழுதினால்தான் மென்பொருள் குறியைத் திருப்பிக் காட்டும். வலக்கை விதிப்படி (ஸ்ட்ரைக் திசையைப் பார்த்து நின்றால் சாய்வு வலப்பக்கம்) அளந்தீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கிழக்கே சாயும் பாறை மேற்கே சாய்ந்துவிடும்.

படி 4: 78 டிகிரி வில்லங்கம்

கொங்கு நாட்டுக்காரர்கள் இந்தப் படியில் நின்று நிதானமாகப் போக வேண்டும்.

யூ.டி.எம். என்ற ஆய முறையில் பூமியை ஆறு ஆறு டிகிரியாக வெட்டி மண்டலம் ஆக்கியிருக்கிறார்கள். 72 முதல் 78 டிகிரி கிழக்கு வரை 43-ஆம் மண்டலம், 78 முதல் 84 வரை 44. அந்த 78 டிகிரிக் கோடு சரியாக நம் வீட்டு நடுவே போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திருச்செங்கோடு எல்லாம் 43-இல். நாமக்கல், கரூர், சேலம் நகரங்கள் 44-இல். ஆய அமைப்புகளை மென்பொருள் அடையாளம் காணும் இபிஎஸ்ஜி எண்ணில் சொன்னால் 32643, 32644.

தவறான மண்டலத்தை ஒட்டினால் என்ன ஆகும்? வரைபடம் அப்படியே ஆறு டிகிரி நகரும். 43-இல் வரைந்த திருச்செங்கோட்டு மலைக்கு 44 என்று பெயர் வைத்தால், மலை வங்காள விரிகுடாவில் போய் நிற்கும். 44-இல் வரைந்த நாமக்கல் கோட்டையை 43 என்று சொன்னால் லட்சத்தீவுப் பக்கம் போய்விடும். இது பரவாயில்லை, பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பார்த்தும் தெரியாதது பழைய டோப்போ ஷீட்டின் தவறு. அவை பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய கணக்கை வைத்து அச்சிட்டவை. அதன் மூலைகளில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று எடுத்துக்கொண்டு ஜியோரெஃபரன்ஸ் செய்தால் (படத்தை அதன் இடத்தில் பொருத்தினால்), எல்லாம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்காரும். ஓடை ஓடை மாதிரியேதான் இருக்கும், ஆனால் பக்கத்துக் காட்டில் ஓடும். ஜியோரெஃபரன்ஸ் செய்யும்போது கல்யாண்பூர் 1975 என்ற இந்திய அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பிறகு மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு ரயில் பாதையையோ கோவிலையோ செயற்கைக்கோள் படத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

'மாற்றுங்கள்' என்றதும் ஒரு குழப்பம் வரும். 'செட் லேயர் சி.ஆர்.எஸ்.' என்பது ஆய அமைப்பின் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், எண்கள் அப்படியே இருக்கும். 'ரீபுரொஜெக்ட் லேயர்' தான் எண்களைக் கணக்கிட்டு மாற்றும். பலகை தவறாக இருந்தால் முதலாவது, பலகை சரியாக இருந்து வேறு அமைப்பு வேண்டுமானால் இரண்டாவது.

என் பழக்கம்: விநியோகிப்பதை டபிள்யூஜிஎஸ் 84 தீர்க்கரேகை, அட்சரேகையிலேயே கொடுத்துவிடுவது. இபிஎஸ்ஜி 4326. சங்ககிரிக்காரரும் ராசிபுரத்துக்காரரும் மண்டலச் சண்டை இல்லாமல் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். பரப்பு கணக்கிட வேண்டியவர் தனக்கு வேண்டிய மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

படி 5: எந்தக் கோப்பில்?

ஜியோபேக்கேஜ். கோடு, பாலிகன், புள்ளி, விவர அட்டவணை எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். தமிழ் எழுத்தும் உடையாது.

ஷேப்ஃபைல் மேல் எனக்குப் பெரிய பிரியம் இல்லை. ஆனாலும் அதையும் சேர்த்தே கொடுங்கள், அதை மட்டுமே கேட்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அது ஒரு கோப்பு அல்ல, குறைந்தது மூன்று நாலு கோப்புகளின் குடும்பம். எஸ்.எச்.பி. கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாறைப் பெயரும் வராது, இடமும் தெரியாது. நெடுவரிசைப் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். அந்தப் பத்து என்பது ஆங்கில எழுத்துக் கணக்கு. யூனிகோடு தமிழில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனியாக மூன்று. 'காங்கயம்' என்று எழுதினால் 24 பைட் ஆகிவிடும். ஆகவே நெடுவரிசைப் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். கட்டத்துக்குள் எழுதும் உரைக்கும் 254 பைட்தான் எல்லை. மேலே சொன்ன சயனைட் விளக்கம் அதில் அடங்காது. அதனால் விளக்க அட்டவணையை சி.எஸ்.வி. ஆகக் கொடுத்துவிடுங்கள். யூ.டி.எஃப்.-8 முறையில், அதைக் காட்டும் பி.ஓ.எம். குறியோடு சேமித்தால்தான் எக்செல் அதைச் சரியாகத் திறக்கும், இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கோழி கிளறியது மாதிரி வரும்.

கைப்பேசியில் பார்க்கிறவர்களுக்குப் பாறைப் பாலிகனை மட்டும் கூகுள் எர்த் திறக்கும் கே.எம்.எல். ஆக ஒரு பிரதி.

படி 6: வண்ணம்

கியூஜிஐஎஸ்-இன் 'பேக்கேஜ் லேயர்ஸ்' கருவியில் ஸ்டைலையும் சேர்த்துச் சேமிக்க ஒரு டிக் உண்டு, அதைப் போடுங்கள். வேறு மென்பொருள்காரர்களுக்கு அந்த ஸ்டைல் புரியாது. அட்டவணையில் ஆர்.ஜி.பி. எழுதச் சொன்னது அவர்களுக்காகத்தான்.

படி 7: ரீட்மீ கோப்பு

யார் வரைந்தது, எப்போது, எந்த அளவையில், எந்த ஆய அமைப்பு, எந்தெந்த மூலங்கள், என்ன உரிமம். குறியீடுகளின் பொருள். சாதாரண டெக்ஸ்ட் கோப்பே போதும், ஒரு பக்கம் போதும்.

அதில் அளவையைப் பற்றி மட்டும் நாலு வரி கூடுதலாக எழுதுங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே தரையில் ஒரு வீதி அகலம் வந்துவிடும். காகிதத்தில் இருந்தவரை இது தானாகப் புரிந்தது. கணினியில் ஜூம் செய்தால் அதே கோடு ஒரு தென்னை மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று துல்லியமாகக் காட்டுவது போல ஏமாற்றும். ரிக் வண்டிக்காரர் கைப்பேசியில் கே.எம்.எல்.லைத் திறந்து, "ஏனுங்க, இந்தக் கோட்டு மேலயே போர் போட்டா தண்ணி வருங்களா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி, பாறைகள் சந்திக்கும் இடத்தில் வெடிப்பு இருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் உங்கள் கோட்டுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. 'இந்த எல்லைகள் தரையில் இத்தனை மீட்டர் வரை முன்பின் இருக்கலாம், தனி நிலத்தில் கிணறு இடம் குறிக்கப் பயன்படுத்த வேண்டாம்' என்று ரீட்மீயில் தமிழிலேயே எழுதுங்கள்.

படி 8: கட்டி அனுப்புவது

ஜிப் செய்வதற்கு முன் கியூஜிஐஎஸ்-ஐ மூடிவிடுங்கள். ஜியோபேக்கேஜ் திறந்திருக்கும்போது பக்கத்திலேயே இரண்டு தற்காலிகக் கோப்புகள் உருவாகும். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அவற்றுக்குள் இருக்கலாம். மூடாமல் நகலெடுத்தால் அந்தத் திருத்தங்கள் போய்ச் சேராது.

கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம், பதிப்பு எண் வேண்டும். ஜிப்பை உங்கள் கணினியில் சோதிப்பதில் பயனில்லை. நண்பரின் கணினியில், வேறு ஃபோல்டரில் விரித்து, கூடவே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கான விடை ரீட்மீயில் இல்லாவிட்டால் உடனே சேர்த்துவிடுங்கள்.

வைக்கும் இடத்துக்கு என் பரிந்துரை ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியம். செர்ன் ஆய்வகம் நடத்துவது, கட்டணம் இல்லை, டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் கொடுப்பார்கள். கூகுள் டிரைவ் இணைப்பு கல்லூரி மின்னஞ்சல் முடங்கும் அன்றைக்கே செத்துவிடும். பின்னாளில் ஓர் எல்லையைத் திருத்தினால் பழைய கோப்பை மாற்றி வைக்காமல் புதிய பதிப்பாக ஏற்றுங்கள். ஸெனோடோ பதிப்புக்கு ஒரு டி.ஓ.ஐ.யும், எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக இன்னொன்றும் தரும். எந்தப் பாலிகன், ஏன் மாறியது என்பதை ரீட்மீயின் அடியில் தேதியோடு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.